ஏலக்காய் மூட்டைக்கு நம்பகமான டேக்: தோட்டத்து ஸ்டோரிலிருந்து போடி குடோன் வரை முழு வழிகாட்டி

பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏற்றும்போது 12 மூட்டை. போடியில் இறக்கும்போதும் 12. எடை சரியாக இருந்தது, மூட்டைமேல் ஒட்டியிருந்த கியூஆர் ஸ்டிக்கர்களும் ஸ்கேன் ஆயின. பிரித்துக் கொட்டிப் பார்த்தால் இரண்டு மூட்டையில் மட்டும் எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காய்க்குப் பதிலாக வாய் பிளந்து வெளிறிப்போன காய். அன்று சாயங்காலமே ஜீப் ஓட்டிய அண்ணனை இனிமேல் சரக்கு ஏற்ற வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவர் என்னிடம்தான் வந்தார். "தம்பி, மெட்டுல டீ குடிக்கக்கூட நான் இறங்கலப்பா. உன் ஸ்டிக்கரே சரின்னுதான் சொல்லுது, அப்புறம் என்னை ஏன் நிறுத்துறாங்க?"

அந்த ஸ்டிக்கரைச் செய்துகொடுத்தவன் நான். தோட்டத்தின் பெயர், லாட் எண், காயின் அளவு, எடை எல்லாவற்றையும் மறைக்குறியாக்கி, யாருக்கும் புரியாத எழுத்துக் கோவையாக்கி, அதைத்தான் கியூஆராக அச்சடித்திருந்தேன். அதை யாராலும் படிக்க முடியாதுதான். ஆனால் படிக்க முடியாததை ஜெராக்ஸ் எடுக்க முடியும். இரண்டு ஸ்டிக்கரை யாரோ நகலெடுத்து வேறு மூட்டையில் ஒட்டிவிட்டார்கள். அது ஸ்டோரில் நடந்ததா, லோடு ஏற்றும் இடத்தில் நடந்ததா, வழியில் நடந்ததா என்று ஸ்டிக்கர் சொல்லவே சொல்லாது. கடைசியாக யார் கையில் மூட்டை இருந்ததோ அவர்மேல் பழி விழுந்தது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும், இப்போது இடுக்கி மலைக்கும் போடி, கம்பத்துக்கும் நடுவே சில சிறு வியாபாரிகளுக்குச் செய்து கொடுப்பதையும் இங்கே முதலிலிருந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் உங்கள் கடையில் இருந்தால் போதும், மீதியைச் செய்துவிடலாம். ஏலக்காயை வைத்துச் சொல்கிறேன். மிளகு, காப்பிக்கொட்டை, கிராம்பு எதுவானாலும் முறை இதேதான்.

மறைப்பது வேறு, நிரூபிப்பது வேறு

வயர்லெஸ் டேக் (ரேடியோ அலையால் படிக்கும் சிறு சிப் உள்ள அடையாளப் பட்டி) வாங்கப் போனால் விற்பவர் முதலில் சொல்வது "இது என்கிரிப்ட் ஆனது சார்", அதாவது மறைக்குறியாக்கியது, என்பது. அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: எது என்கிரிப்ட் ஆகியிருக்கிறது? டேக்கில் உள்ள தகவலை மறைக்குறியாக்கி வைத்திருந்தாலும், ஒவ்வொரு முறையும் அதே எழுத்துக் கோவையை டேக் வெளியே சொன்னால், அதைக் கேட்ட எவரும் இன்னொரு டேக்கில் அப்படியே எழுதிவிடலாம். நமக்கு வேண்டியது வேறு. டேக்குக்குள் ஒரு சாவி, அதாவது ஒரு ரகசிய எண், இருக்க வேண்டும். அந்தச் சாவி ஒருபோதும் வெளியே வரக்கூடாது. ஒவ்வொரு முறை தொடும்போதும் அந்தச் சாவியால் மட்டுமே போட முடிகிற ஒரு புதுக் கையெழுத்தை, அதாவது கணக்கிட்டு வரும் ஓர் எழுத்துக் கோவையை, டேக் தர வேண்டும். நேற்றைய கையெழுத்து இன்று செல்லாது. அப்படிப்பட்ட சிப்தான் தான் யார் என்று நிரூபிக்கும்.

"எங்கள் முறை ரகசியமானது" என்று சொல்லும் கம்பெனியையும் தள்ளிவையுங்கள். ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883-லேயே எழுதிவிட்டார்: முறை எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் பாதுகாப்பு நிற்க வேண்டும், சாவி மட்டுமே ரகசியமாக இருக்க வேண்டும் என்று. மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு உலகமெங்கும் பஸ்ஸுக்கும் கதவுக்கும் ஓடியது. அதன் கிரிப்டோ1 என்ற முறையைக் கம்பெனி ரகசியமாக வைத்திருந்தது. சாவி வெறும் 48 பிட், அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் 48 மட்டும். 2007 கடைசியிலும் 2008-லும் ஆராய்ச்சியாளர்கள் சிப்பைப் பிரித்துப் பார்த்தும் வெளியிலிருந்து கேட்டும் அதை முழுக்க உடைத்துவிட்டார்கள். இன்றும் அதே கார்டையும் சாவிக்கொத்து வில்லைகளையும் "பாதுகாப்பான டேக்" என்று விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

நமக்குத் தேவை ஏஇஎஸ் 128, அதாவது 128 பிட் சாவியுள்ள ஏஇஎஸ் என்ற மறைக்குறி முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் உருவாக்கியது. 2001-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஏற்றது. முறை முழுவதும் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. இத்தனை வருடம் எல்லோரும் பார்த்தும் நிற்கிறது என்பதுதான் அதன்மேல் உள்ள நம்பிக்கை.

படி 1: சரக்கு எங்கெங்கே கை மாறுகிறது என்று எழுதுங்கள்

டேக் வாங்குவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் இதைப் போடுங்கள். பொதுவாக எங்கள் பக்கம் வழி இப்படி இருக்கும். தோட்டத்தில் பறித்த பச்சைக்காய் ஸ்டோருக்கு வந்து உலர்கிறது. உலர்ந்த காயைப் பாலித்தீன் உறை போட்ட சாக்கில் 50 கிலோ மூட்டையாகக் கட்டுகிறார்கள். ஜீப்போ பிக்கப்போ அதைப் போடிமெட்டு, கம்பம்மெட்டு அல்லது குமுளி மலைப்பாதை வழியாகக் கீழே கொண்டுவருகிறது, அல்லது புத்தடி ஏலத்துக்குப் போகிறது. போடி குடோனில் சல்லடை போட்டு, கையால் பொறுக்கி, தரம் பிரிக்கிறார்கள். பிறகு புது மூட்டையாகி வடக்கே லாரி ஏறுகிறது.

இதில் இரண்டு இடம் முக்கியம். பச்சைக்காய்க்கு டேக் வேண்டாம். ஐந்து கிலோ பச்சை ஏறக்குறைய ஒரு கிலோவாக உலர்கிறது. அதற்கு முன் எந்த எண்ணைக் கட்டினாலும் எடை பொருந்தாது. அடுத்தது தரம் பிரிக்கும் மேடை. அங்கே ஐந்து தோட்டத்துக் காய் ஒன்றாகக் கலக்கிறது. அதனால் டேக்கின் வாழ்வு மூட்டை வாய் தைக்கும்போது தொடங்கி, குடோனில் வாய் பிரிக்கும்போது முடிய வேண்டும். தரம் பிரித்த பின் கட்டும் மூட்டைக்குப் புது டேக். முன்னது எதனோடு கலந்தது என்பதைக் கணக்கில் இணைத்தால் போதும்.

படி 2: டேக் தேர்வு

மூன்று வகை உண்டு. நீண்ட தூரம் படிக்கும் யூஎச்எஃப் டேக் நீங்கள் ஏற்கெனவே பார்த்ததுதான். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் அந்தக் குடும்பம். சில மீட்டர் தள்ளியிருந்தே, ஒரே நேரத்தில் பல மூட்டைகளை எண்ணிவிடும். இந்தியாவில் இதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சில ரீடர்கள் அமெரிக்க அலைவரிசையான 902–928-க்கு அமைத்து வரும். இங்கே அதில் ஒரு பகுதி செல்போனுக்கு உரியது. அதை ஓட்டுவது சட்டப்படித் தவறு. இந்திய அலைவரிசை, அதற்கான அரசு ஒப்புதல் இரண்டும் இருக்கிறதா என்று பில் போடும் முன் கேளுங்கள்.

இரண்டாவது என்எஃப்சி. 13.56 மெகாஹெர்ட்ஸ். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நெருக்கத்தில் சாதாரண செல்போனே படித்துவிடும், தனி ரீடர் வேண்டாம். மூன்றாவது புளூடூத் பீக்கன். பட்டன் பேட்டரி வேண்டும், விலை கூடுதல், ஒவ்வொரு மூட்டைக்கும் கட்டுப்படியாகாது. குளிர்பதனப் பெட்டிக்கோ, கண்டெய்னருக்கோ யோசிக்கலாம். வண்டியில் வைக்கும் ஜிபிஎஸ் கருவி வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும். மூட்டைக்குள் இருப்பது மாறியதா என்று அதற்குத் தெரியாது.

என் சிபாரிசு: நிரூபிக்க என்எஃப்சி, எண்ண யூஎச்எஃப். கையிருப்பு குறைவாக இருந்தால் என்எஃப்சி மட்டும் போதும். யூஎச்எஃப்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

என்எஃப்சியில் என்டேக் 213, 215, 216 என்று சில்லறையாகக் கிடைப்பவை வேண்டாம். அவற்றில் 32 பிட் கடவுச்சொல் மட்டும் உண்டு, கையெழுத்துப் போடும் திறமை இல்லை. என்டேக் 424 டிஎன்ஏ என்ற சிப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஏஇஎஸ் 128 இருக்கிறது, ஐந்து சாவி வைக்க இடம் இருக்கிறது. டேக்டேம்பர் என்ற இன்னொரு வகையும் உண்டு: சிப்போடு ஒரு மெல்லிய கம்பி வளையம் வரும், அது அறுந்ததா இல்லையா என்பதையும் சிப் சொல்லும். மூட்டைக்கு இதுதான் வேண்டும். பெட்டி வந்ததும் ஒவ்வொரு சுருளிலும் நாலைந்து டேக்கை எடுத்து, சிப் கம்பெனியின் டேக்இன்ஃபோ ஆப்பில் தொட்டுப் பாருங்கள். எந்த சிப் என்பதையும், கம்பெனியின் கையெழுத்து அசலா என்பதையும் அது காட்டும்.

படி 3: சாவி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற எல்லாம் சரியாக இருந்து இது கோணலானால், முழு வேலையும் வீண்.

தொழிற்சாலையிலிருந்து வரும் டேக்கில் ஐந்து சாவியும் வெறும் பூஜ்யங்கள். அதை அப்படியே விட்டு மூட்டையில் தைத்த ஒரு வியாபாரியை எனக்குத் தெரியும். டேக் கொடுத்தவர் "எல்லாம் செட் பண்ணியாச்சு" என்று சொன்னதை நம்பிவிட்டார். பூட்டு வாங்கிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை அது.

எல்லா டேக்குக்கும் ஒரே சாவி போடாதீர்கள். ஒரு டேக்கை எவராவது ஆய்வகத்தில் உடைத்துச் சாவியை எடுத்துவிட்டால் எல்லா மூட்டையும் திறந்துவிடும். ஒரு தாய்ச்சாவியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிப்பின் பிறவி எண்ணையும் அதோடு சேர்த்துக் கணக்கிட்டு அந்த டேக்குக்கு மட்டும் உரிய சாவியை உண்டாக்குங்கள். சிஎம்ஏசி என்ற கணக்கு இதற்குத்தான் பயன்படுகிறது; சிப் கம்பெனியே இதற்கான வழிமுறையை வெளியிட்டிருக்கிறது. இதில் ஒரு வசதி: ஆயிரம் சாவியைப் பட்டியல் போட்டுப் பாதுகாக்க வேண்டாம். தாய்ச்சாவியும் சிப் எண்ணும் இருந்தால் வேண்டியபோது திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தாய்ச்சாவியை யார் வைத்திருப்பது? 16 பைட், அதாவது எழுதினால் 32 எழுத்து. பங்காளிகள் இருவர் இருக்கும் கடையில் நான் பார்த்த ஏற்பாடு, முதல் 16 எழுத்து அண்ணனிடம், அடுத்த 16 தம்பியிடம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு. ஒரு பாதி கிடைத்தவனுக்கு மீதிப் பாதியை மட்டும் தேடினால் போதும். 128 பிட் பலம் 64 பிட் ஆகிவிடுகிறது. சரியான முறை இது: கம்ப்யூட்டரில் 32 எழுத்துள்ள இரண்டு முழு எண்களைத் தற்செயலாக உருவாக்குங்கள். இரண்டையும் எக்ஸார் என்ற கணக்கால் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1) சேர்த்தால் வருவதுதான் தாய்ச்சாவி. அண்ணனிடம் ஒரு முழு எண், தம்பியிடம் ஒரு முழு எண். ஒன்று மட்டும் கிடைத்தவனுக்குத் தாய்ச்சாவியைப் பற்றி ஓர் எழுத்தும் தெரியாது. இருவரும் தாளில் எழுதி, கவரில் ஒட்டி, வேறு வேறு இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளாதீர்கள். மெயிலிலும் வேண்டாம்.

டேக்கில் எழுதுவதற்கென்று இன்டர்நெட் இணைப்பே இல்லாத ஒரு பழைய லேப்டாப்பை ஒதுக்குங்கள். எழுதும் நாளில் இருவரும் வந்து அவரவர் எண்ணைத் தட்டுவார்கள். முடிந்ததும் நினைவிலிருந்து அழித்துவிட வேண்டும். பணவசதி உள்ளவர்கள் இதற்கென்றே இருக்கும் பாதுகாப்பு சிப் கார்டை வாங்கி, சாவியை அதற்குள் வைத்துவிடலாம். அப்போது சாவி லேப்டாப்புக்கே தெரியாது.

டேக்கைத் தொடும்போதெல்லாம் சரிபார்த்துப் பதிவு செய்யும் இணையக் கம்ப்யூட்டர்தான் சர்வர். அதற்கும் சாவி தேவைப்படும், இல்லாவிட்டால் அது எப்படிச் சரிபார்க்கும்? அதற்கு டேக்கில் எழுதும் உரிமையுள்ள சாவியைக் கொடுக்காதீர்கள். ஐந்து இடம் இருக்கிறதே: ஒன்று எழுத, ஒன்று சிப் எண்ணை மறைக்க, மற்றவை கையெழுத்தைச் சரிபார்க்க. சிப் எண்ணை மறைக்கும் சாவி மட்டும் எல்லா டேக்குக்கும் பொதுவாக இருக்க வேண்டும், எண் தெரிவதற்கு முன்பே சர்வர் அதைப் பிரிக்க வேண்டுமே. எழுதும் சாவி ஒரு தாய்ச்சாவியிலிருந்து, சரிபார்க்கும் சாவிகள் வேறொரு தாய்ச்சாவியிலிருந்து. நாளைக்குச் சர்வருக்குள் யாராவது புகுந்தாலும் மூட்டையில் இருக்கும் டேக்கை மாற்றி எழுத முடியாது.

படி 4: டேக்கில் எழுதுவது

யூஎஸ்பி என்எஃப்சி ரீடரில் டேக்கை வைத்து, இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் இணைய முகவரியை எழுதுங்கள், போன் தொட்டதும் அதுதான் திறக்கும்: உங்கள் சொந்த டொமைன் (இணையப் பெயர்), அதன் பின்னால் மூன்று காலி இடம். அடுத்து, தொடும்போதெல்லாம் அந்தக் காலி இடங்களை சிப்பே நிரப்பும்படி அமையுங்கள். முதல் இடத்தில் சிப்பின் எண்ணும், எத்தனையாவது முறை தொடப்படுகிறது என்ற எண்ணிக்கையும் மறைக்குறியாக்கப்பட்டு வரும். இரண்டாவது இடத்தில் வளையத்தின் நிலை, இதையும் மறைக்குறியாக்கி வரும்படி அமைக்கலாம். மூன்றாவது இடத்தில் கையெழுத்து, 16 எழுத்து. அப்புறம் சாவிகளை மாற்றுங்கள். கடைசியில், எழுதும் உரிமையை மூடுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள். புது டேக்கில் முகவரியை எவர் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்றுதான் இருக்கும். சாவியை மாற்றிவிட்டு இந்தக் கதவைத் திறந்தே விட்டால், ஒருவர் உங்கள் முகவரியை அழித்துத் தன் போலிப் பக்கத்தின் முகவரியைப் போட்டுவிடலாம். அது எப்போதும் பச்சை டிக் காட்டும்.

டொமைனைப் பற்றி ஒன்று. கடையின் பெயரில், நீண்ட காலத்துக்குக் கட்டி வாங்குங்கள். செய்து கொடுப்பவரின் டொமைனில் ஓட்டினால், அவர் தொழிலை விட்ட நாளில் உங்கள் டேக் எல்லாம் ஊமையாகிவிடும்.

டேக்குக்குள் தோட்டப் பெயர், அளவு, எடை எதையும் எழுத வேண்டாம். அதெல்லாம் சர்வரில். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்வரை போன சரக்கு இது. எந்த மூட்டையில் நல்ல காய் என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் அறிவிக்கத் தேவையில்லை.

படி 5: மூட்டையில் தைப்பது

டேக் நிரூபிப்பது டேக்கைத்தான். அது மூட்டையோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதை உங்கள் ஊசியும் நூலும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டும் ஸ்டிக்கராகச் சாக்கின்மேல் வைக்காதீர்கள். மலையில் பனி இறங்கும், சணல் ஈரம் குடிக்கும், இரண்டு நாளில் பசை விட்டுவிடும். விடாவிட்டாலும் ஹேர் டிரையரில் சூடு காட்டினால் அலுங்காமல் உரிந்து வரும். நான் செய்வது: பாலித்தீன் உறையின் வாயைக் கட்டியபின், சாக்கின் வாயைக் கோணி ஊசியால் பாதிவரை தைக்கிறோம். டேக்கைச் சாக்கின் உட்புறம் ஓரத்தில், வெளியிலிருந்து போன் தொட்டால் எட்டும் இடத்தில் வைக்கிறோம். வளையக் கம்பியைச் சணல் நூலோடு சேர்த்து, தையலுக்குள்ளேயே நாலைந்து கண்ணி போகவிட்டு மீதியைத் தைத்து முடிக்கிறோம். வாயைப் பிரிக்க வேண்டுமென்றால் கம்பியை அறுத்தே ஆக வேண்டும்.

வளையத்தைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த சிப்பில் பேட்டரி கிடையாது. போன் பக்கத்தில் வரும்போது மட்டும் விழித்து, வளையம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கும். அறுந்திருந்தால் அதை அழிக்க முடியாதபடி பதித்துக்கொள்ளும். ஆனால் யாரும் தொடாதபோது ஒருவன் கம்பியை அறுத்து, காயை மாற்றி, கம்பியைத் திரும்பப் பற்றவைத்துவிட்டால் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தது அல்லவா? அதனால்தான் கம்பியைக் கண்ணிக்குக் கண்ணி ஓடவிடச் சொல்கிறேன். ஓரிடத்தில் அறுத்தால் ஒட்டவைக்கலாம். ஐந்து இடத்தில், சணலுக்குள்ளே, மெட்டில் நிறுத்திய ஜீப்பில், டார்ச் வெளிச்சத்தில் ஒட்டவைப்பது வேறு கதை. நூலின் நிறத்தையும் மாதம் ஒரு முறை மாற்றுங்கள். சின்ன விஷயம், ஆனால் கண்ணால் பார்ப்பவருக்கு உதவும்.

படி 6: சர்வர் என்ன செய்ய வேண்டும்

போன் தொட்டதும் முகவரி சர்வருக்கு வருகிறது. சர்வர் மறைக்குறியைப் பிரித்து சிப் எண்ணை எடுக்கும், அந்தச் சிப்பின் சாவியைக் கணக்கிடும், கையெழுத்து பொருந்துகிறதா பார்க்கும், எண்ணிக்கை இதற்கு முன் பதிவானதைவிடக் கூடியிருக்கிறதா பார்க்கும், வளையத்தைப் பார்க்கும். கையெழுத்து, எண்ணிக்கை, வளையம் மூன்றும் சரியென்றால் பச்சை. நேரம், தொட்ட இடம், தொட்டவர் பெயர் பதிவாகும்.

எண்ணிக்கைச் சோதனையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நேற்றைய முகவரியை நகலெடுத்து இன்று காட்டலாம். கியூஆர் ஸ்டிக்கருக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம்.

திரையில் வரும் செய்தி தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். ஏற்றும் இடத்தில் இருப்பவர் மலையாளி, இறக்கும் இடத்தில் இருப்பவர் தமிழர், நடுவில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு இரண்டும் தெரியும். சிவப்பு என்று ஒரே நிறம் காட்டாமல் மூன்றாகப் பிரியுங்கள்: "டேக் பேசவில்லை", "கையெழுத்து தவறு", "வளையம் அறுந்திருக்கிறது". முதலாவது பெரும்பாலும் நசுங்கிய டேக். மூட்டையை இரும்புக் கொக்கியால் இழுத்தால் ஆன்டெனா போய்விடும். அதற்கெல்லாம் ஒருவரைத் திருடன் என்று சொல்லக் கூடாது.

படி 7: கை மாறும் இடத்தில் மூன்று தட்டு

ஸ்டோரில் ஏற்றும்போது, கொடுப்பவரும் வாங்குபவரும் நிற்கும்போதே, ஜீப்காரர் தன் போனில் ஒவ்வொரு மூட்டையையும் தொட வேண்டும். குடோன் ஆள் கீழே தொட வேண்டும். அது வாங்குபவரின் போனாக இருப்பது முக்கியம். "நான் வாங்கும்போது இது சரியாக இருந்தது" என்று சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். முதலில் சொன்ன அண்ணனிடம் அன்றைக்கு இப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், அவர் வேலை போயிருக்காது.

ஏன் மூன்று தட்டு? ஒரு ஓட்டை இருக்கிறது. வழியில் ஒருவன் உங்கள் டேக்கைத் தன் போனில் தொட்டு, வந்த முகவரியைச் சர்வருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டு, அதை ஒரு மலிவான டேக்கில் எழுதிப் போலி மூட்டையில் வைத்தால், அந்தக் கையெழுத்து அசல், எண்ணிக்கையும் புதிது. ஒரு முறை பச்சை காட்டும்! மலிவு டேக்கால் அடுத்த கையெழுத்தைப் போட முடியாது. அதனால் ஒவ்வொரு மூட்டையையும் அடுத்தடுத்து மூன்று முறை தொடுங்கள். மூன்றிலும் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏற வேண்டும். இதைச் சர்வரே கேட்கும்படி எழுதிவிடுங்கள். விலை உயர்ந்த சரக்குக்கு இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால், தனி ஆப் வைத்து, சர்வர் ஒரு புதிய கேள்வி எண்ணை அனுப்பி அதற்கு டேக் பதில் சொல்லும்படி அமைக்கலாம். இந்த சிப்பால் அதுவும் முடியும்.

மெட்டில் சிக்னல் இருக்காது, சில ஸ்டோரிலும் இருக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம். முகவரியைப் போன் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பினாலும் கையெழுத்து கையெழுத்துதான். எண்ணிக்கை வைத்து வரிசையும் தெரிந்துவிடும். ஆனால் பச்சை டிக் வருவதற்கு முன்பே வண்டி கிளம்பும் என்பதை ஏற்றுக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

இ-வே பில் (சரக்கு கொண்டுபோக எடுக்கும் மின்னணுச் சீட்டு) எண்ணையும் இந்தப் பதிவோடு சேர்த்துவிடுங்கள். மாநிலம் தாண்டிப் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது கட்டாயம். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனாலே ஒற்றை மூட்டை அந்த வரம்பைத் தாண்டிவிடும். வழியில் அதிகாரி நிறுத்தினால் பில், மூட்டை எண்ணிக்கை, டேக் பதிவு மூன்றும் ஒன்றையொன்று தாங்கும்.

படி 8: குடோன் வாசலில் எண்ணும் ரீடர்

மூட்டை வரத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும். வாசலின் இரு பக்கமும் ஆன்டெனா வைத்தால், தள்ளுவண்டியில் வரும் மூட்டைகளை நிற்காமலே எண்ணும்.

யூஎச்எஃப் டேக்கில் 96 பிட் எண் ஒன்று இருக்கும். அதைத் தற்செயல் எண்ணாக வையுங்கள், அர்த்தமுள்ள எண்ணாக வேண்டாம். சில மீட்டர் தூரத்தில் எவர் ரீடரும் அதைப் படிக்கும். இந்த டேக்கில் இரண்டு கடவுச்சொல் உண்டு, ஒன்று எழுத, ஒன்று டேக்கையே நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்ய. இரண்டும் 32 பிட், இரண்டும் பூஜ்யமாகவே வரும். இரண்டையும் மாற்றி, பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவன் தன் கடவுச்சொல்லைப் போட்டு உங்கள் டேக்குகளைக் கொன்றுவிடலாம்.

கடவுச்சொல் போட்டாலும் இது பெரிய காவல் இல்லை. ரீடர் கடவுச்சொல்லை அனுப்பும்போது டேக் தரும் ஒரு தற்செயல் எண்ணோடு கலந்து அனுப்புகிறது. அந்த எண்ணை டேக் வெளிப்படையாகவே சொல்கிறது. டேக்கின் குரல் மெல்லியது, தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கும். ஏஇஎஸ் உள்ள யூஎச்எஃப் சிப்பும் இருக்கிறது, யூகோட் டிஎன்ஏ அப்படிப்பட்டது. ஆனால் ரீடரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். சிறு கடைக்கு நான் அதைச் சொல்வதில்லை. எண்ணிக்கைக்கு இது, நிரூபணத்துக்கு என்எஃப்சி.

தண்ணீரும் இரும்பும் யூஎச்எஃப்புக்கு ஆகாது. நன்றாக உலர்ந்த ஏலக்காய் பரவாயில்லை, அலை ஊடுருவும். ஆனால் தார்ப்பாய் விலகி நனைந்த சாக்கில் டேக் பாதிக்குமேல் பேசாது. ஜூன், ஜூலையில் மூட்டையின் உச்சியில் சின்ன அட்டையோடு டேக் துருத்திக்கொண்டு நிற்கும்படி தைத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

படி 9: நீங்களே திருடனாக ஒரு நாள்

முதல் சரக்கு இறங்குவதற்கு முன், கடையில் உள்ளவர்களைக் கூட்டி ஒரு பகல் முழுக்க ஏமாற்றிப் பாருங்கள். வந்த முகவரியைக் காப்பி எடுத்து இரண்டு முறை திறங்கள். இரண்டாவது மறுக்கப்பட வேண்டும். அதை மலிவு டேக்கில் எழுதி மூன்று தட்டுத் தட்டுங்கள். முகவரியில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். கம்பியை அறுத்துவிட்டுத் தொடுங்கள். பிறகு ஒட்டவைத்துத் தொடுங்கள், அப்போதும் "அறுந்தது" என்றே வர வேண்டும். பூஜ்யச் சாவியால் டேக்கில் நுழையப் பாருங்கள். ஒரு மூட்டையின் அடிப்புறத் தையலைப் பிரித்துக் காயை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதில்தான் நான் மாட்டினேன். வாயை அவ்வளவு பத்திரமாகத் தைத்துவிட்டு அடியை மறந்திருந்தேன். குடோனில் பொறுக்கும் ஒரு அக்கா சாக்கைத் திருப்பிப் போட்டு, "தம்பி, இந்தப் பக்கம் மில்லு தையலு. ஒரு நூலை இழுத்தா மொத்தமும் வந்துரும்" என்று இழுத்தே காட்டினார். அன்றிலிருந்து அடித் தையலைச் சாக்கின் உட்புறமாகத் திருப்பி, மேலே கையால் ஒரு தையல் போட்ட சாக்கை மட்டும் பயன்படுத்துகிறோம்.

படி 10: மூட்டை பிரித்த பின்

குடோனில் வாயைப் பிரித்ததும் டேக்கைக் கடைசியாக ஒரு முறை தொடுங்கள். வளையம் அறுந்தது என்று வரும். சர்வரில் அந்த எண்ணை "முடிந்தது" என்று மூடுங்கள். இதைச் செய்யாமல் சாக்கை வெளியே விடாதீர்கள். காலிச் சாக்கு வாங்க வாரம் ஒருவர் வருகிறார், அது திரும்ப மலைக்கே போகிறது. அதில் உங்கள் டேக் உயிரோடு இருந்தால், எந்தத் தோட்டத்திலோ உங்கள் பெயரில் ஒரு மூட்டை பிறக்கும். கத்தரியால் ஆன்டெனாவை இரண்டாக வெட்டி, துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் டப்பாவில் உள்ள துண்டையும் சர்வரில் மூடிய எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தச் சாக்கு எங்கே போனது என்று அன்றைக்கே தேடுங்கள்.